பதினெட்டுத் தையல்

"அந்தப் பேட்ஜை நீயே குத்திக்கிட்டியா?" என்றார் டாக்டர் பெர்க்ஸ்டெட், உட்காரச் சொல்வதற்கு முன்பே.

கார்லா குனிந்து பார்த்தாள். அவள் பெயர் கோட்டில் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "இல்ல டாக்டர். கீழே வரவேற்பறையில ஒரு அம்மா…"

காலையில் நேர்காணலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபியும் பேட்ஜும் கொடுத்துக்கொண்டிருந்தவர், கம்பளிச் சட்டை போட்ட, அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பாவம், கை நடுக்கம். ஊசியை இடது கையில் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் அசையாம நில்லு கண்ணு" என்று ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டினார். நேர்காணலுக்கு வந்து அவளுக்கு முன்னால் நின்ற டிரெவர் என்பவன் பெரிய கல்லூரிக்காரன். நானே குத்திக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். கார்லாவுக்கு அந்தச் சாமர்த்தியம் எப்போது இருந்தது? நின்றுவிட்டாள். இதற்கென்றே வாங்கிய புதுக் கோட்டில் மூன்று ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

பேட்ஜை நிமிர்த்தப் போனவளை அவர் தடுத்தார். "இருக்கட்டும், உக்காரு."

மினசோட்டாவின் அந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சை ரெசிடென்சி என்ற மேற்பயிற்சிக்கு ஐந்தே இடங்கள். ஆயிரத்து இருநூறு பேர் போட்டி. மருத்துவக் கல்லூரியின் கடைசி வருஷத்தில் இருந்த கார்லா, அறுபத்து நாலு மருத்துவமனைகளுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கூப்பிட்டது இது ஒன்றுதான். இதுவும் கை நழுவினால், மார்ச் மாதம் யாருக்கு எங்கே இடம் என்று சொல்லும் உறையை வகுப்பே பிரித்துவிட்டுக் கட்டிப்பிடித்துக் குதிக்கும்போது, அவள் மட்டும் ஓரமாக நின்று கை தட்ட வேண்டியதுதான்.

டாக்டர் அவளுடைய கோப்பைப் புரட்டினார். "ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். உன் மார்க்குக்கு நான் உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். முதல் தேர்வுல ஒரு தடவை ஃபெயில் வேற."

"தெரியும் டாக்டர்."

"விண்ணப்பத்தோட வச்ச கட்டுரையில ஏதோ தையலைப் பத்தி எழுதியிருக்கே. அதை உன் வாயால சொல்லு."

கார்லா ஆரம்பித்தாள்.

முதல் வருஷம், உடற்கூறு வகுப்பு. ஒன்பதாம் மேசையில் நான்கு மாணவர்களுக்கு ஓர் உடல். தானம் செய்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எழுபத்தொரு வயது, விவசாயி என்று மட்டும் சீட்டில் இருந்தது. வயிற்றுக்குள் குடலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது, முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய ரத்தக் குழாயில் பழைய கிழிசல் ஒன்று தெரிந்தது. யாரோ, எப்போதோ நீல நூலால் தைத்து மூடியிருந்தார்கள். எண்ணினால் பதினெட்டுத் தையல். அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் மயிரிழைகூட வித்தியாசமில்லை. என்ன இங்கே கூட்டம் என்று அதட்ட வந்த பேராசிரியர், குனிந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவரே மற்ற மேசைக்காரர்களையும் அழைத்தார். நாற்பது பேர் வரிசையில் வந்து, குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அந்தக் குழாய் கிழிஞ்சா ரெண்டு மூணு நிமிஷத்துல ஆள் முடிஞ்சுடும் டாக்டர். உள்ளே ரத்தம் குளமா நிக்கும், ஒண்ணுமே தெரியாது. அதுக்குள்ள கையை விட்டு, துளி நடுங்காம, பதினெட்டுத் தையல் போட்டிருக்காங்க. நான் அழுதுட்டேன். ஒரு மனுஷக் கையால இவ்வளவு முடியுமான்னு. அன்னைக்குத்தான் சர்ஜரின்னு முடிவு பண்ணினேன்."

டாக்டரின் பேனா நின்றுவிட்டிருந்தது.

"தையல் எந்தப் பக்கத்துலேருந்து ஓடுச்சு?"

"வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம். தச்சவங்க இடது கைக்காரங்களா இருக்கணும்னு பேசிக்கிட்டோம்."

"அந்த விவசாயிக்கு ஒரு காதுல பாதி இருக்காது, இல்லையா?"

கார்லா நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. ஆனா அதை நான் எழுதவே இல்லையே டாக்டர்."

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "டிராக்டர் கவுந்து, அதுக்கடியில மாட்டினவர். இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான் முதல் வருஷப் பையன். ஆபரேஷன்ல விளக்கைத் திருப்பிப் பிடிக்கிறதுதான் என் வேலை. இன்னிக்கும் கண்ணை மூடினா அந்தக் கை தெரியுது."

"நீங்க தச்சதோன்னு நினைச்சேன்."

"நானா?" அவர் முதல்முறையாகச் சிரித்தார். "ஆயுசு பூரா தச்சுப் பாக்கறேன். அந்தப் பதினெட்டு எனக்கு வரல."

அந்தத் தையலைப் போட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று கார்லா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இருக்காங்க. ஆறு வருஷமா கத்தியைத் தொடறதில்ல. விண்ணப்பம் படிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. ஆயிரத்து இருநூறையும் படிச்சுட்டு, உன்னோடதைக் கொண்டாந்து என் மேசையில வச்சாங்க. மார்க்கைப் பாக்காதே, இவளைக் கூப்பிடுன்னாங்க. அவங்க சொல்லி நான் எதையும் தட்டினதில்ல."

கார்லாவின் கண் நிறைந்துவிட்டது. இடம் கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் கையை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள்.

டாக்டர் பெர்க்ஸ்டெட் அவளருகே வந்து, கோட்டில் கோணலாகத் தொங்கிய பேட்ஜைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"காலையில அஞ்சு நிமிஷம் உன் கோட்டுல ஊசியை வச்சுக்கிட்டு நின்னது அந்தக் கைதாம்மா."