கொத்துக்கடைப் பக்க மூலை

தோற்றதற்குக் காரணம் பிரவீணன்தான். ஆதாரம் அருள்நேசனின் கைபேசியிலேயே இருந்தது.

சட்டன் மைதானத்தில் காலையில் தொடங்கிய தூறல் இன்னும் விடவில்லை. புலம்பெயர்ந்து வந்த வடலியடிக் கல்லூரிப் பழைய மாணவர்களின் கூடாரத்துக்குள் ஆறிப்போன ரோல்ஸ் தட்டைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். புளியந்துறைக் கல்லூரியிடம் இந்த வருடமும் தோல்வி. சமநிலையில் முடிந்த உதைபந்தாட்டம் பெனால்டிக்குப் போய், கடைசி அடியில் கைவிட்டுப் போயிருந்தது.

அந்தக் கடைசி அடியை அடித்த பிரவீணன், கூடாரத்தின் ஓரத்தில் தன் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"திருப்பிப் போடும்," என்றார் கணேசலிங்கம். முப்பது வருடமாக ஒரு போட்டியையும் தவறவிடாத ஆதரவாளர். ஒரு போட்டியிலும் வாயை மூடியிருந்ததில்லை.

அருள்நேசன் காணொளியை மறுபடியும் ஓடவிட்டார். கோலுக்குப் பின்னால் மடக்குக் கதிரை போட்டு இருந்தபடி இருவரும் எடுத்தது. கோலின் ஒரு பக்கத்தில், மைதான ஓரத்துக் கொத்துரொட்டிக் கடை தெரிந்தது. முதலில் கேட்டது கணேசலிங்கத்தின் குரல்தான்.

"போனைக் கொத்துக்கடைப் பக்க மூலைக்குப் பிடியும். எங்கட பெடியன் அங்கதான் அடிப்பான். எப்பவும் தன்ர வலப்பக்கம்தான்." பிறகு இன்னும் உரத்து: "கீப்பரைப் பாரும், அவிச்ச இறால் மாதிரி நிக்கிறான்!"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தது கேட்டது. புளியந்துறைக் கீப்பர் கையுறையை இறுக்கிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தான். செம்பட்டைத் தலை, குளிரில் சிவந்த வெள்ளை முகம். அவனும் சிரித்தான்.

"சத்தத்தைக் குறையும். என்ர குரல்தான் பெரிசாக் கேக்குது," என்றார் கணேசலிங்கம்.

அருள்நேசன் குறைத்தார். சத்தமில்லாத படத்தில் பிரவீணன் ஓடிவந்தான். அவன் கால் பந்தில் படுமுன்னே கீப்பர் கொத்துக்கடைப் பக்கம் பாய்ந்துவிட்டான். பந்து நேரே அவன் கைக்குள் போனது.

"பாத்தியளே? அடிக்க முதலே பாயிறான். இவன் கண்ணால காட்டிக் குடுத்திட்டான்."

"கண்ணால இல்லை, தோளால," என்றார் அருள்நேசன். "தோள் சரிஞ்சிட்டுது."

மூன்றாமவர் அணியின் பொறுப்பாளர் துஷாந்தன். இரண்டு பேரையும் பார்க்காமல் பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணை, அவன் நல்லாத்தான் அடிச்சவன். மூலைக்குத்தான் போனது."

"மூலைக்குப் போய் என்ன பலன்? தம்பி, நீர் இளகின ஆள். அடுத்த மாசம் நடக்கிற போட்டிக்கு இவன் வேண்டாம்."

"அவனை விட்டால் முன்னுக்கு விளையாட ஆள் இல்லை."

"ஆள் இல்லாட்டில் பத்துப் பேரோட இறங்குவம். ஒண்டில் அவன் நிக்கவேணும், இல்லாட்டில் நாங்கள் நிக்கவேணும். இரவைக்கு எனக்கு ஷிப்ட். இண்டைக்கே முடிவைச் சொல்லும், போறன்."

துஷாந்தன் பெருமூச்சு விட்டார். கூடாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் இவர்கள்தான் ஓடித்திரிகிறவர்கள். சண்டை பிடிக்க அவருக்கும் தெம்பில்லை.

பிரவீணன் இங்கேயே, தோர்ண்டன் ஹீத்தில் பிறந்தவன். தகப்பனின் ஊரான வடலியடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். தாயோ தகப்பனோ அந்தக் கல்லூரியில் படித்திருந்தால் பிள்ளை விளையாடலாம் என்பது இந்தப் போட்டியின் விதி. தகப்பனின் கல்லூரிக்காக அவன் ஒவ்வொரு ஞாயிறும் ரெயில் ஏறி வந்து பயிற்சி எடுத்தான். தமிழ் அவனுக்கு அரைகுறை. ஆனால் பேச்சு தன்னைப் பற்றித்தான் என்பது விளங்கியது.

அவன் எழுந்துவந்து, பத்தாம் இலக்கச் சட்டையைக் கழற்றி, மடித்து, ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஸொறி அங்கிள்," என்றான்.

"இப்ப சொல்லி என்ன?" என்றார் கணேசலிங்கம். துஷாந்தன் சட்டையைப் பார்த்தார். எடுக்கவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை.

தூறலுக்குள்ளால் யாரோ வந்தார்கள். புளியந்துறைக் கீப்பர். தோளில் ஒரு மடக்குக் கதிரை.

"என்ர கதிரை!" கணேசலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "கோலுக்குப் பின்னாலேயே விட்டிட்டு வந்திட்டன். பாரும் அருள்நேசன், இறால் கதிரை சுமந்துகொண்டு வருது."

அருள்நேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கணேசலிங்கம் திரும்பி, முகத்தை மாற்றி, "தாங்க் யூ, யங் மேன்," என்றார்.

கீப்பர் கதிரையை விரித்து, ஈரத்தைத் தன் கையால் துடைத்து, அவருக்கு முன்னால் வைத்தான். மேசையில் கிடந்த சட்டையைப் பார்த்தான். வெறும் உடம்போடு குளிரில் நின்ற பிரவீணனைப் பார்த்தான்.

"இருங்கோ அங்கிள்," என்றான். "என்ர அம்மா புளியந்துறையில படிச்சவ. வீட்டில நாங்கள் தமிழ்தான் கதைக்கிறனாங்கள்."

கணேசலிங்கம் கதிரையில் இருக்கவில்லை. அருள்நேசன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

கீப்பர் பத்தாம் இலக்கச் சட்டையை எடுத்துப் பிரவீணனிடம் நீட்டினான்.

"இவரை ஏன் நிப்பாட்டுறியள்? கொத்துக்கடைப் பக்கமெண்டு எனக்குச் சொன்னது நீங்கள்தானே, அங்கிள்."