மேஸ்திரி கைகாட்டிய ஆள்

"இது அநியாயம் முதலாளி. சாதியைப் பாத்து வேலை குடுத்தா கிட்டங்கி உருப்படுமா?"

ராயபுரம் அரிசிக் கிட்டங்கியின் மேஸ்திரி அம்புரோஸ் காலையிலேயே கொதித்துக்கொண்டிருந்தார். காரணம் இல்லாமல் இல்லை. மூட்டை தூக்கும் கூலியாட்களில் இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் தன் தம்பிகள் இருவரையும் அந்த இடங்களுக்கு எப்போதோ நியமித்துவிட்டாள். முதலாளி தாவூது சாயபுவோ, அதில் ஒன்று சேரி ஆட்களுக்கு என்று நேற்றுச் சொல்லிவிட்டார்.

"சர்க்காரே சட்டத்தைத் திருத்தி அவங்களுக்கு எடம் ஒதுக்குது மேஸ்திரி," என்றார் சாயபு. "எத்தினி வருஷமா இங்கே முதுகு ஒடியறாங்க. ஒருத்தனாவது நிரந்தரமா கீறானா?"

"தகுதி வேணாமா முதலாளி? ஆளைப் பாக்காதீங்க, வேலையைப் பாருங்க. அதான் நாயம்."

சாயபு தாடியைத் தடவிக்கொண்டார்.

"நல்ல பேச்சு. ஒதுக்கின எடம் ஒதுக்கினதுதான், அதிலே கை வெக்க மாட்டேன். இன்னொரு எடத்துக்கு ஆள் எடுக்கறது எப்பவும்போல உன் இஷ்டம். அதை நீ சொல்ற மாதிரி தகுதி பாத்தே குடுப்போம். இன்னிக்கு வேலையைப் பாத்து நீயே கைகாட்டு."

அம்புரோஸுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. கைகாட்டப் போவது தானே என்றால் கவலை எதற்கு? பெரிய மச்சானாவது உள்ளே வந்துவிடுவான். சின்னவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அரிசி ஏற்றி வந்து நிற்கிற ரயில் வேகனை அன்றைக்கே காலி செய்தாக வேண்டும். மூட்டை தூக்குகிறவர்களுக்குக் குடை ஏது? ஆளுக்கொரு கோணிப்பையை எடுத்து, ஒரு மூலையை உள்ளே தள்ளி மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். இந்தக் கொங்காணியைப் போட்டுவிட்டால் மூக்கு நுனிகூடத் தெரியாது.

"ஒருத்தன் முகமும் தெரியலியே," என்றார் சாயபு, தாழ்வாரத்தில் நின்றபடி.

"உங்களுக்குத் தெரியாது முதலாளி. எனக்கு நடையைப் பாத்தாலே போதும். அதோ, ஒரு தோளைச் சாச்சுகினு வர்றான் பாருங்க, அவன்தான் எங்க அருள்பிரகாசம். ஃப்ளோரன்ஸோட பெரிய தம்பி."

அந்த ஆள் வேலை செய்த அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மற்றவர்கள் மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். அவன் குழந்தையைக் கிடத்துவதுபோல இறக்கினான். எல்லாரும் வழுக்கித் தடுமாறிய சேற்றில், எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டான். ஒரு மூட்டை கிழிந்து அரிசி கொட்டியபோது, யாரும் சொல்லாமலே ஓடிப்போய்க் கிழிசல் மேலே வரும்படி புரட்டி வைத்தான்.

அம்புரோஸுக்குப் பெருமை தாங்கவில்லை. மச்சானிடம் இப்படி ஒரு சுறுசுறுப்பு இருப்பது அவருக்கே புதுச் செய்தி.

"பாத்தீங்களா? எங்க மாமனார் வம்சமே அப்பிடி முதலாளி. சொல்லிக் குடுத்து வர்றதா இது? ரத்தத்திலே ஊறிகினு கீது."

"அப்போ இவனையே எடுக்கலாங்கறே?"

"கண்ணை மூடிகினு எடுக்கலாம்."

"முகத்தைக்கூடப் பாக்காமலா?"

"அது எதுக்கு முதலாளி? வேலையைத்தான் பாத்தாச்சே."

சாயபு கையசைத்து அந்த ஆளைக் கூப்பிட்டார். அவன் தாழ்வாரத்தில் ஏறி, கொங்காணியைக் கழற்றி உதறினான். அம்புரோஸ் முகமெல்லாம் தண்ணீர் தெறித்தது.

உள்ளே இருந்தவன் சேரிக்கார வேம்பு.

"கூப்ட்டீங்களா முதலாளி?"

"உன் வேலை இன்னையிலேருந்து நிரந்தரம் வேம்பு. மேஸ்திரிதான் உன்னைக் கைகாட்டினாரு. உன்னை மாதிரி தகுதியான ஆள் இல்லேன்னுட்டாரு."

வேம்பு நம்ப முடியாமல் மேஸ்திரியைப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களைத் தப்பா நெனைச்சிகினு இருந்தேன் மேஸ்திரி. மன்னிச்சுக்கோங்க."

அம்புரோஸ் தலையை ஆட்டிவைத்தார். அவர் கண்கள் மழைக்குள் மச்சான்களைத் தேடின. எதிரே டீக்கடைக் கூரைக்கடியில் இரண்டு பேரும் தலைமுடி நனையாமல் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

சமாளித்துக்கொண்டு, "சரி முதலாளி," என்றார். "சேரிக்கு ஒண்ணு குடுத்தாச்சு. மீதி கீற எடத்துக்கு..."

"அது எப்பிடி? வேம்பு வந்தது தகுதி எடத்திலே. ஒதுக்கின எடம் அப்பிடியே கீது. அதுவும் அவங்களுக்குத்தான்."

தம்பிகள் இருவருக்கும் வேலை ஆச்சா என்று கேட்டு வாசலிலேயே நிற்கப்போகும் ஃப்ளோரன்ஸை நினைத்தால் அம்புரோஸுக்கு வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை. வேம்பு இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு முதலாளியின் காதோரம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தகுதி தகுதின்னு பாத்துகினே இருந்தா எங்க மச்சான் மாதிரி ஆளுங்க எப்பிடி முதலாளி பொழைக்கிறது? அவனுக்குன்னு ஒரே ஒரு எடம் ஒதுக்கி வெச்சா இன்னாவாம்?"