மைனஸ் பொத்தான்

சைலன்சருக்குள் சொருகிய குழாய் புகையை உறிஞ்சுகிறது. புகை சோதிப்பவரின் திரையில் சிவப்பு எண் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. மெக்கானிக் அக்கா, தம்பியின் வண்டிச் சீட்டைத் தூக்கி, அவன் போனில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, தானே வாங்கி மாட்டிய ஃபியூவல் கண்ட்ரோலரின் மைனஸ் பொத்தானை அழுத்துகிறாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் ஒரு படி குறைகிறது. "இன்னும் கொஞ்சம் கொறையணும்மா," என்கிறார் அவர். அழுத்துகிறாள். வண்டியின் சத்தம் பட்டினி கிடந்தவன் குரலாக இளைக்கிறது. பெட்ரோல் குறைந்த சூட்டில் சைலன்சரின் கழுத்தில் நீலம் ஏறுகிறது. இப்படியே தம்பி மலையேறினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். வெளியே போனதும் பழையபடி ஏற்றிவிட வேண்டும். அதை இவர் காதுபடச் சொல்லவா முடியும்? எண் பச்சையாகிறது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுகிறாள். "உள்ள வந்து ஒரு கையெழுத்து போட்டுருங்க," என்கிறார் அவர், குழாயை உருவிக்கொண்டே. மேசைப் பேனா எழுதாமல் கீறுகிறது. உதறி மறுபடி கீறுகிறாள். வெளியே டொக்கென்று சீட்டு மூடும் சத்தம். "அக்கா, நேரமாச்சு, அவ காத்துக்கிட்டிருப்பா. மலையத் தாண்டிட்டுக் கூப்புடுறேன்." பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவருகிறாள். "டேய், நில்லுடா." ஹெல்மெட் திரும்பவில்லை. அந்த இளைத்த சத்தம் தெருமுனையில் திரும்பி, மேட்டில் ஏறத் தொடங்குகிறது. கூப்பிடுவதற்காகச் சட்டைப்பைக்குள் கையை விடுகிறாள். தம்பியின் போன் தட்டுப்படுகிறது, டார்ச் அணையாமல், கை பொறுக்காத சூட்டில்.