ஆறு மாத மீன்

சைக்கிள் கடை வேதகிரி தன் கையாலேயே கண்ணாடித் தொட்டி கட்டினான். லாரி டியூபில் காற்றடைத்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் விட்டான். உத்திரமேரூரில் கடல்மீன் வளர்ப்பதென்றால் சும்மாவா? முதல் மீன் மூன்றே நாளில் செத்துப்போனது. இரண்டாவதாக விட்ட வரிமீனோ ஆறு மாதமாக நீந்திக்கொண்டிருந்தது. காஞ்சிபுரம் பொருட்காட்சிக்கு வரச்சொல்லிக் கடிதமே வந்துவிட்டது.

ஞாயிறுதோறும் மகாபலிபுரத்திலிருந்து கடல்தண்ணீர் கொண்டுவருபவன் அவன் மச்சான் முனிரத்தினம், பஸ் கண்டக்டர். வேதகிரி கடையில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, தொட்டியில் தண்ணீர் மாற்றிவிட்டுப் போய்விடுவான். அந்த ஞாயிறு வேதகிரி சீக்கிரமே வீடு திரும்பினான். மச்சான் கையிலிருந்த தகர டின்னைத் தானே வாங்கித் திறந்தான்.

உள்ளே இன்னொரு வரிமீன்.

"இன்னாடா இது?"

முனிரத்தினம் தன் அக்காவைப் பார்த்தான்.

"எந்த மீனும் ஒரு வாரத்துக்கு மேல தாங்கல," என்றாள் வேதகிரியின் மனைவி தாயாரம்மாள். "மொத மீன் செத்தப்போ நீ ரெண்டு நாளு சோறு துண்ணல. அத்தப் பாக்க முடியாமத்தான் மாத்தி மாத்தி வுடச் சொன்னேன்."

ஆறு மாதத்தில் அந்தக் காற்றுக் குழாயை ஒருமுறைகூட அவன் கழற்றிப் பார்த்ததில்லை. நன்றாக ஓடுவதை யார் கழற்றுவார்கள்?

"செத்துப்போச்சின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா," என்றான் வேதகிரி, "எங்க தப்புன்னு தேடிக் கண்டுபுடிச்சிருப்பேனே தாயாரு."