கரோ பேசிக்கொண்டே இருந்தார்

"இது அழுகையா? வெங்காயம் உரிக்கறான்," என்றார் கரோ, டிவியைப் பார்த்து.

விருது விழா தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, ஹாலிவுட்டை ஒட்டிய கிளெண்டேலில், இன்னும் வெயில் இருந்தது. அதற்குள் அவர் இரண்டு நடிகர்களையும் ஒரு இயக்குநரையும் தீர்த்துக்கட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டு பெட்ரோஸ் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி சிரித்தார். ஒவ்வொரு வருடமும் அவர் இந்த வீட்டுக்கு வந்து உட்காருவது விழாவைப் பார்ப்பதற்காக அல்ல, கரோவைக் கேட்பதற்காக.

ஆர்மீனியாவின் யெரெவானிலிருந்து தான் இந்த ஊருக்கு வந்ததே சினிமாவுக்காகத்தான் என்பார் கரோ. வந்து செய்த வேலை ஏசி பழுதுபார்ப்பது. பெரிய நட்சத்திரங்களின் வீட்டுக் கூரைமேல் ஏறியிருக்கிறார். பேச்சைக் கேட்டால் ஸ்டூடியோவையே கட்டி ஆண்டவர் போலிருக்கும்.

"ஓட்டுப் போடறவன்ல பாதிப் பேரு படத்தையே பார்க்கறதில்ல பெட்ரோஸ். யார் வீட்டு விருந்துல ஒயின் நல்லா இருந்துதோ, அவனுக்குக் குத்திட்டுப் போறான்."

அவருடைய மகள் நாஸெலி பிராந்திக் கோப்பைகளை வைத்துவிட்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு காலத்தில் அவளும் நடிக்க முயன்றவள்தான். வகுப்புக்கும் ஆடிஷனுக்கும் கரோதான் தன் வேனில் கூட்டிப்போவார். திடீரென்று ஒருநாள் போதும் என்று நிறுத்திவிட்டாள். இப்போது ஒரு பல் மருத்துவரிடம் வேலை. யாராவது கேட்டால், திறமை போதவில்லை என்பாள்.

திரையில் கேமரா முன்வரிசைக்குத் திரும்பியது. தயாரிப்பாளர் வெஸ்லி ட்ராஸ்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஐந்து நடிகைகள் அவன்மீது தொடுத்த வழக்கு போன மாதம்தான் தள்ளுபடியானது. நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை என்று.

அந்த ஐந்து பேரில் நாஸெலி இல்லை. அவர்களுக்கு அவளைத் தெரியாது. ஓட்டல் அறையில் அவளை அவன் என்ன செய்தான் என்பதும் யாருக்கும் தெரியாது. அம்மா சாகும்வரை அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை.

பெட்ரோஸ் விதைத்தோலைத் தட்டில் துப்பினார். "இவனை மறுபடியும் உள்ள விட்டுட்டாங்க பாரு. வெக்கங்கெட்டவனுங்க."

"வெக்கப்பட என்ன இருக்கு? படம் எடுக்கத் தெரிஞ்சவன்."

கரோவின் குரல் உயர்ந்துவிட்டது. இதுவும் வழக்கம்தான். யாரையும் விட்டுவைக்காத அந்த வாய், ட்ராஸ்குக்கு மட்டும் வக்காலத்து வாங்கும். அந்தப் பெயர் காதில் விழுந்தாலே நாஸெலி எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள்.

இன்றைக்கு என்னவோ எழ முடியவில்லை.

"எல்லாம் காசுக்கும் பேருக்கும்டா! அப்பவே சொல்ல வேண்டியதுதானே? மேல போறது. அப்புறம் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு லிஃப்ட்ல இறங்கி வர்றது. லாபியில தூண் மறைவுல உக்காந்து செருப்பை மாட்டிக்கிட்டு, மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு, வாசல்ல காத்துக்கிட்டு இருக்கற அப்பன்கிட்ட வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி வண்டியில ஏறிக்கறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அப்பன் சும்மாவா..."

நிறுத்தினார்.

பெட்ரோஸின் விரல்கள் விதைக் கிண்ணத்திலேயே நின்றுவிட்டன. "எந்த அப்பன்? அந்தப் பொண்ணுங்க யாரும் அப்படி ஒண்ணு சொன்னதா பேப்பர்ல வரலியே?"

கரோ ரிமோட்டைத் தேடினார். அது அவர் மடியில்தான் கிடந்தது. ஒலியைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார்.

நாஸெலி அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்த ஓட்டல் வாசல் முழுக்கக் கண்ணாடி என்பது இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மற்ற நாட்களில், அவள் வேனில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் "என்ன சொன்னாங்க? பிடிச்சுதாமா?" என்று துளைத்தெடுத்துவிடுவார். அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நல்லவேளை, அப்பா கேட்கவில்லை என்று இத்தனை வருடமாக அவள் அதை ஓர் அதிர்ஷ்டமாகவே நினைத்திருந்தாள்.

அன்றைக்கு அவர் வண்டியைக் கிளப்பியதிலிருந்து வீட்டு வாசலில் நிறுத்தும்வரை சினிமாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எந்த நடிகன் தேறுவான், எவன் தேறமாட்டான், இந்த வருடம் எந்தப் படத்துக்கு விருது கிடைக்கும் என்று.

மூச்சுவிடாமல். அவள் ஒரு வார்த்தை சொல்ல இடம் விடாமல்.