கழுவாத டப்பா

"அடுத்த மாசத்திலேர்ந்து அட்டைப் பெட்டிதான் மாஸ்டர். நான் முடிவு பண்ணிட்டேன்."

முதலாளியம்மா இதைச் சொன்னபோது மாஸ்டர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடம் அது. எல்லாம் எவர்சில்வர் டப்பாவில்தான் போகும். முதலாளியம்மாவின் தம்பி வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பான். சாயங்காலம் அதே வண்டியில் போய்க் காலி டப்பாக்களைத் திரும்ப வாங்கி வருவான். சில டப்பாக்கள் நசுங்கி வரும். சிலவற்றுக்கு மூடியே வராது. அப்புறம் வெந்நீர், சோப்பு, இடுப்பு வலி. அட்டைப் பெட்டி என்றால் சாப்பிட்டார்களா, எறிந்தார்களா, வேலை முடிந்தது. மண்ணோடு மண்ணாக மக்கிவிடும் என்று அதை விற்க வந்தவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான்.

மாஸ்டர் மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்து வெந்நீரில் ஊறப் போட்டார். மறுநாள் அதன் உட்புறத்திலிருந்து கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டை நகத்தால் உரித்து அவள் முன்னால் வைத்தார். "இது எங்கேம்மா மக்கும்?"

அவளும் விடவில்லை. வண்டி இரண்டு தடவை போய்வரும் புகையும், வெந்நீர் காய்ச்சும் காஸும் மட்டும் கணக்கில் வராதா என்று கேட்டாள். அது வாஸ்தவம்தான் என்று மாஸ்டர் ஒத்துக்கொண்டார். சரி, மனுஷர் இறங்கி வந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். அவரோ, வேலை முடிந்தபிறகு இருந்து எல்லா டப்பாவையும் தானே கழுவித் தருவதாகச் சொன்னார்.

முட்டி வலியோடு விடிகாலையிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கிறவர். தனக்கென்று ஒரு நாள் லீவுகூடக் கேட்டதில்லை. இதற்கு ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

போதாக்குறைக்கு அந்த அஞ்சாவது மாடி டப்பா வேறு. மற்றவர்கள் ஒப்புக்காவது தண்ணீர் விட்டு அலசி அனுப்புவார்கள். அது மட்டும் தினமும் எச்சில் டப்பாவாகவே வரும். போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கப் போனவளை மாஸ்டர்தான் தடுத்தார். அது அப்படியே வரட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரக்க குணத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில், சாப்பிடுகிறவர்களையே கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் தம்பியோடு அவளும் வண்டியில் ஏறினாள். பெரும்பாலானவர்கள் அட்டைப் பெட்டிக்கே தலையாட்டினார்கள். அலசுகிற வேலை மிச்சம்.

அஞ்சாவது மாடியில் லிப்டுக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டி வாய் நிறைந்து, வேறு வேறு கடைகளின் சாப்பாட்டுப் பெட்டிகள் தரையில் சரிந்து கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. ஜன்னலோர மேஜையில் இருந்த இளம்பெண் அவள் சொன்னதைக் கேட்டதும் பதறிப்போனாள். அட்டை வேண்டவே வேண்டாம், டப்பாவே போதும் என்றாள்.

"அப்படின்னா கொஞ்சம் அலசியாவது அனுப்பலாமேம்மா" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள் முதலாளியம்மா.

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவளை வெளியே அழைத்து வந்தாள்.

"கழுவிட்டா, மிச்சம் வைக்காம சாப்பிட்டேன்னு உங்க மாஸ்டருக்கு எப்படிக்கா தெரியும்? அவர் எங்கப்பா."

மனதுக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, 'இந்தக் கையால இனி உனக்கு ஒரு வாய் சோறு கிடையாது' என்று வாசலிலேயே வைத்துச் சொன்னாராம். அன்றோடு பேச்சு அற்றுப்போயிற்று. சொன்ன சொல்லிலிருந்து இறங்காத மனிதர். அவர் இந்தச் சமையல்கூடத்தில் சேர்ந்ததை அம்மா போனில் சொன்ன பிறகுதான், இவள் கணவன் பெயரில் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

"சாப்பிடறது நான்னு தெரிஞ்சா நிறுத்திடுவார். சொல்லிடாதீங்கக்கா. யாரோ ஒருத்தர் தினமும் வழிச்சு சாப்பிடறாங்கன்னு மட்டும் அவருக்குத் தெரிஞ்சா போதும்."

முதலாளியம்மா சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் கீழே இறங்கினாள்.

சாயங்காலம் மாஸ்டர் தொட்டி அருகே நின்று டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அட்டைப் பெட்டி வேண்டாம், பழையபடியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

"அஞ்சாவது மாடிக்கும் போனீங்களாம்மா?"

"ம்."

மேற்கொண்டு என்ன கேட்பாரோ என்று அவள் கழுவிய டப்பா ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் அந்த டப்பாவை எடுத்துத் திறந்தார். ஒரு பருக்கை இல்லை. மூடியின் ஓரத்தில் பச்சைமிளகாய்த் துண்டுகள் மட்டும் வரிசையாக இருந்தன. அவற்றை ஒரு விரலால் தொட்டார்.

"சின்ன வயசிலேர்ந்தே இப்படித்தாம்மா அடுக்கி வைப்பா" என்றார், திரும்பிப் பார்க்காமல். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரோஷக்காரி, சாப்பிடறதை நிறுத்திடுவா."