பேட்டியில் வெட்டியது

வானொலி நிலையத்துக்குப் புது மேனேஜர் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. யார் முகமும் இன்னும் பிடிபடவில்லை. அதற்குள் ஒரு பேட்டி கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவு எடிட்டரை இன்டர்காமில் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் பேட்டி ரெடியா?"

"இருமல், தடுமாற்றம் எல்லாம் எடுத்தாச்சு சார். நடுவுல ஒண்ணு மட்டும் இருக்கு."

ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். மைக்கை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே பேசியது ஒலித்தது. "கண்ணு தெரியாதவங்களுக்கு வேலை தர்றதெல்லாம் பேருக்குத்தான். உக்கார வெச்சு சோறு போடணும், அவ்வளவுதான்."

"ஐயையோ, அதை வெட்டிடும்மா. வேற யாரும் கேக்கலையே?"

"நான் மட்டும்தான் கேட்டேன் சார். நாலு தடவை."

பொங்கி வந்ததை விரல் நுனியில் அடக்கிக்கொண்டு, அவர் மூச்சு இழுத்த இடத்திலிருந்து சிரிப்பு அடங்கிய இடம்வரை ஷிஃப்டும் அம்புக்குறியுமாகப் பிடித்து, கன்ட்ரோல் எக்ஸ் அடித்தாள். மறுபடி போட்டுக் காட்டினாள்.

"அடேங்கப்பா, வெட்டின இடமே தெரியலையே. உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஆபீஸ் எங்கேயோ போயிடும். இரு, நேர்ல வந்து பாராட்டறேன்."

"வாங்க சார். கதவோரமா என் வெள்ளைக் கைத்தடியைச் சாத்தி வெச்சிருக்கேன். தடுக்கி விழுந்துடாம, பாத்து வாங்க."